ஒரு கிலோமீட்டர் வட்டம்

அன்புள்ள அக்கா,

செம்பவாங்கில் நாலறை வீட்டில் இருக்கிறோம். சிங்கப்பூர்க் குடியுரிமை கிடைத்து மூன்று வருடம் ஆகிறது. மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்றரை. பீஷான் பக்கம் நல்ல பள்ளிகள் இருக்கின்றன, குறிப்பாக ஐ தோங் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு வாங்கிவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இதை விற்று அதை வாங்க மூன்று லட்சம் வெள்ளி கூடுதல் கடன் ஆகும். மனைவி, "பக்கத்துப் பள்ளியே போதும்" என்கிறாள். நாளை மகள், "ஏன் எனக்காகச் செய்யவில்லை" என்று கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு உறுத்துகிறது. நீங்கள் இரண்டு பிள்ளைகளை இங்கே படிக்கவைத்தவர். என்ன சொல்கிறீர்கள்?

கே., செம்பவாங்

*

அன்புள்ள கே.,

கடனுக்கு அப்புறம் வருகிறேன். மகள் தமிழ் படிக்கப்போகிறாளா? ஐ தோங் சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. அங்கே தாய்மொழிப் பாடம் என்றால் சீனம்தான், தமிழ் வகுப்பு கிடையாது. தாவோ நான், நன்யாங் தொடக்கப்பள்ளி எல்லாம் அதே வகை. பிள்ளை சீனம் படிக்கட்டும் என்று தெரிந்தே முயற்சி செய்கிற இந்தியப் பெற்றோர் உண்டு, அது அவர்கள் கணக்கு. உங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நம் காதில் விழுகிற "நல்ல பள்ளி"ப் பட்டியல் பெரும்பாலும் அலுவலகச் சீன நண்பர்கள் சொல்வது. அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

சரி, அந்தப் பள்ளியை விடுவோம். தமிழ் உள்ள வேறொரு பேர்பெற்ற பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். "இடம் கிடைத்துவிடும்" என்ற பேச்சில்தான் பிசகு இருக்கிறது.

தொடக்கநிலை 1 பதிவில் முதல் கட்டம் ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு. அடுத்து 2ஏ, முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள் வரும் கட்டம். பிறகு 2பி, பள்ளியில் 40 மணி நேரம் தொண்டூழியம் செய்த பெற்றோர் போன்றவர்களுக்கு. உங்களைப் போல எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் 2சியில். அதற்கென்று தொடக்கத்திலேயே 40 இடம் ஒதுக்கிவைக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் விண்ணப்பம் இடங்களைவிட அதிகமானால்தான் தூரம் பார்ப்பார்கள்: குடிமக்களில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் முதலில், அப்புறம் இரண்டு கிலோமீட்டருக்குள், அப்புறம் மற்றவர்கள். பேர்பெற்ற பள்ளியில் அந்த முதல் வட்டத்துக்குள்ளேயே கூட்டம் நிரம்பி வழிந்து குலுக்கலுக்குப் போவது சாதாரணம். மூன்று லட்சத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது அந்தக் குலுக்கலில் ஒரு சீட்டு.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. 2006இல் நாங்களும் இதே கணக்கைப் போட்டுத் தோ பாயோவுக்கு மாறினோம். குலுக்கல் நாளன்று நானும் வீட்டுக்காரரும் அந்தப் பள்ளி மண்டபத்தில், கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் எண் வரவே இல்லை. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்தது. பையன் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலிருந்து ஆறு நிமிடம் நடந்தால் வரும் பள்ளியில் சேர்ந்தான். படிப்பில் சுமார்தான். அந்தப் பெரிய பள்ளிக்குப் போயிருந்தாலும் சுமார்தான் என்று அவனே சொல்வான்.

குலுக்கலில் கிடைத்தாலும் கட்டு இருக்கிறது. தூரத்தைக் காட்டி இடம் வாங்கினால், பதிவு தொடங்கும் நாளிலிருந்து 30 மாதம் அந்த முகவரியில் குடியிருந்தாக வேண்டும். ஜூலையில் பதிவு என்றால், மகள் தொடக்கநிலை 2 முடிக்கும்வரை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்பதால் ஐந்து வருடக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் தனியாக இருக்கிறது. இடையில் உங்கள் வேலை மேற்குக் கோடியில் துவாஸ் பக்கம் மாறினாலும் அங்கேதான்.

அப்புறம் இனவிகிதக் கொள்கை, அதாவது வீவக வீடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரம்பு. 1989இலிருந்து இருக்கிறது, ஆனால் வீடு மாறும்போதுதான் நமக்கு ஞாபகம் வரும். இந்தியர் மற்றும் பிற இனத்தாருக்கு ஒரு புளோக்கில் 15 சதவீதம், அக்கம்பக்கத்தில் 12 சதவீதம் வரம்பு. நீங்கள் பார்த்துவைத்த புளோக்கில் அது நிரம்பியிருந்தால், சீனரோ மலாய்க்காரரோ விற்கிற வீட்டை நீங்கள் வாங்க முடியாது. செம்பவாங்கில் விற்கும்போது இது தலைகீழாக வரும். உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், சீனர் ஒருவர் உங்கள் வீட்டை வாங்க முடியாது. வாங்க வருகிறவர்கள் குறைவு, விலையும் இறங்கும். முகவரிடம் பேசுவதற்கு முன் இரண்டு பக்கமும் வீவக இணையப்பக்கத்தில் பார்த்துவிடுங்கள். உங்கள் மூன்று லட்சக் கணக்கில் இது சேர்ந்திருக்கிறதா?

அந்த மூன்று லட்சத்துக்கு 2.6 சதவீத வட்டி, 25 வருடம் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 1,360 வெள்ளி வரும். மகளுக்கு 29 வயதாகும்போது கடன் முடியும். தொடக்கப்பள்ளி ஆறே வருடம். வீடு சொத்துதானே, பணம் எங்கே போகிறது என்று கேட்பார்கள். பாதி சரி. பீஷான் வீடுகளில் பல 1980களில் கட்டியவை, 99 வருடக் குத்தகையில் நாற்பதுக்குப் பக்கத்தில் ஓடிவிட்டது. நீங்கள் விற்கிற காலத்தில் வாங்குகிறவர் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்.

"எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளியே" என்று கல்வி அமைச்சு சொன்னபோது நானும் சிரித்தவள்தான். அப்படி முழுதாகச் சிரித்துத் தள்ள முடியாது என்று பின்னால் புரிந்தது. பாடத்திட்டம் ஒன்று, இறுதியாண்டுத் தேர்வு ஒன்று, தலைமையாசிரியர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைச்சே மாற்றுகிறது. வித்தியாசம் பெரும்பாலும் வாசலில் இறக்கிவிட வரும் பெற்றோரில் இருக்கிறது, அவர்கள் துணைப்பாடத்துக்கு, அதாவது டியூஷனுக்குச் செலவழிப்பதில் இருக்கிறது. 2023 குடும்பச் செலவு ஆய்வின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஒரு வருடத்தில் துணைப்பாடத்துக்குக் கொடுத்தது 180 கோடி வெள்ளி. இவ்வளவு பணம் வெளியே ஓடும்போது, ஒரு பள்ளியின் மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பீஷானில் மனைவியின் அம்மா இருந்து, பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்றால் நானே பெட்டி கட்ட வருவேன். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேல் பிள்ளை எங்கே இருக்கும் என்பதுதான் ஆறு வருடமும் தினம் வரும் கேள்வி. மகள் கேட்கப்போவது எந்தப் பள்ளி என்றா? "இன்னிக்கு யாரு என்னைக் கூட்டிட்டுப் போவாங்க?" என்றுதான் கேட்பாள். தம்பி வேறு இருக்கிறான். அக்கா படிக்கும் பள்ளியில் அவனுக்கு முதல் கட்டத்திலேயே இடம் உண்டு, தூரம் எதுவானாலும். அது வீட்டுக்குக் கீழே இருக்கிற பள்ளியிலும்தான்.

இந்த வாரம் ஒன்மேப் என்ற அரசாங்க இணைய வரைபடத்தில் உங்கள் செம்பவாங் முகவரியைப் போட்டுப் பாருங்கள். பள்ளியின் வேலி எல்லைவரைதான் தூரம் அளக்கிறார்கள், அதனால் நீங்கள் நினைப்பதைவிட ஒன்றிரண்டு பள்ளிகள் கூடுதலாகவே வட்டத்துக்குள் வரலாம். அந்தப் பள்ளிகளுக்குப் போன் செய்து, தொடக்கநிலை 1இல் எத்தனை பிள்ளைகள் தமிழ் எடுக்கிறார்கள், மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் இருக்கிறதா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பேசுவது உங்கள் மனைவியாக இருந்தால் இன்னும் நல்லது. என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அக்கா