சர்க்கரை ஏழா, எட்டா? சிகிச்சை வழிகாட்டிகள் பற்றிக் கேள்வி பதில்

மார்த்தாண்டம் பக்கம் பொதுமருத்துவம் பார்க்கிறேன். எந்த நோய்க்கு எப்படிச் சிகிச்சை தருவது என்று குழுக்கள் கூடி எழுதும் வழிகாட்டிகள் பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

குலசேகரம், ரப்பர் பால் வெட்டுபவர், 68 வயது: மூணு மாச சராசரி ஏழுக்குக் கீழ வரணும்னு திருவனந்தபுரத்துல சொன்னாவ. இஞ்ச எட்டு போதும்ங்காவ. எது செரி டாக்டர்?

ரெண்டுக்கும் இடமிருக்கு அண்ணே. நீங்கள் சொல்வது HbA1c என்கிற மூணு மாச சர்க்கரைச் சராசரி. அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டி பலருக்கும் ஏழு சதவீதத்துக்குக் கீழ் என்கிறது. வேறு நோய்களும் உள்ள முதியவர்களுக்கு எட்டு வரை தளர்த்துகிறது. 'அக்கார்ட்' என்ற நீரிழிவு ஆய்வில் 10,251 பேர் இருந்தார்கள். ஆறுக்குக் கீழே இறக்கப் பார்த்த குழுவில் 257 பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 203. அந்தக் கடும் சிகிச்சையை 2008-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். நீங்கள் விடியுமுன் கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவராக இருந்தால், ஏழா எட்டா என்று முடிவு செய்யும் டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும். சொன்னீர்களா?

களியக்காவிளை, செவிலியர்: வழிகாட்டி எழுதும் குழுவில் நோயாளி எதுக்கு? நிபுணர்கள் போதாதா?

போதாது. மாரடைப்புக்குப் பிறகு வரும் தாறுமாறான துடிப்பை அடக்க ஒருகாலத்தில் சில மருந்துகளைத் தாராளமாகக் கொடுத்தார்கள். இ.சி.ஜி. சீரானது. 1989-ல் 'காஸ்ட்' ஆய்வு வந்தபோதுதான், அவற்றைச் சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தது தெரிந்தது. நோயாளி இ.சி.ஜி.யைக் கேட்க மாட்டார், "பிழைப்பேனா?" என்றுதான் கேட்பார். எதை அளப்பது என்று தீர்மானிக்கும் முதல் நாளே அவர் அங்கே இருக்க வேண்டும். கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதை நான் பங்கேற்பு என்று சொல்ல மாட்டேன்.

பாறசாலை, மருந்துக்கடைக்காரர்: 'வலுவான பரிந்துரை', 'நிபந்தனையுள்ள பரிந்துரை' என்ன வித்தியாசம்?

பரிந்துரைகளைத் தரம் பிரிக்கும் 'கிரேட்' முறையில் வருகிற சொற்கள். விவரம் தெரிந்தால் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொள்வது வலுவானது. ஆளுக்கு ஆள் விருப்பம் மாறக்கூடியது மற்றது, அங்கே டாக்டர் உட்கார்ந்து பேசியே ஆகணும்.

கொல்லங்கோடு, மாணவி: மருந்துக் கம்பெனியிடம் பணம் வாங்கும் டாக்டர் வழிகாட்டி எழுதும் குழுவில் இருக்கலாமா?

வெளிப்படையாக எழுதித் தரணும். அந்த மருந்து பற்றி வாக்களிக்கக் கூடாது. தலைவராகவும் ஆகக் கூடாது.

குலசேகரத்துக்காரர் மறுபடி: சொல்லலை டாக்டர். சிலநாள் மரத்தடியில கை நடுங்கும், வேர்க்கும். பசின்னு நெனச்சேன்.

அண்ணே, அது சர்க்கரை தாழ்ந்ததாக இருக்கலாம். அந்த நேரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உடனே குளுக்கோஸ் பொடியோ சீனியோ சாப்பிடுங்கள். நாளைக்கே மாத்திரைச் சீட்டோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.