காய்ஞ்ச செடியை ஏன் வெட்டாம விட்டிருக்காங்க?

நியூஜெர்சியில மகள் வீட்டுக்கு வந்திருக்கற ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "ஜனவரியில நியூயார்க்ல பழைய ரயில் பாலத்து மேல இருக்கற ஹை லைன் பூங்காவுக்குப் போனோம், எல்லாம் காய்ஞ்சு சருகா நிக்குது, யாரும் கவனிக்கற மாதிரியே தெரியல. மறுபடி எந்த மாசம் போகலாம்? வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, மேல ஏற முடியுமா? மகள் மார்ச்ல அங்க செடி வெட்டற தன்னார்வ வேலைக்குப் போறேங்கறா, அது என்ன வேலை?"

அம்மா, முதல்ல அந்தச் சருகு விஷயம், ஏன்னா எப்ப போறது, மார்ச் வேலை என்னங்கற ரெண்டு கேள்விக்கும் அதுதான் அடிப்படை. அது கவனிக்காம விட்டது இல்ல, வேணும்னே விட்டது. அங்க நடவை வடிவமைச்ச பீட் ஔடால்ஃப், பூ பூக்கறதை மட்டும் பார்த்து செடி எடுக்கறவர் இல்ல, பூ உதிர்ந்தப்பறம் தண்டும் விதைத்தலையும் எப்படி நிக்கும்ங்கறதையும் சேர்த்துப் பார்ப்பார். அந்த விதை குளிர்ல குருவிங்களுக்கு சாப்பாடு, உள்ள பொந்தா இருக்கற தண்டுல சில காட்டுத் தேனீ வகைங்க குளிர் காலத்தை ஓட்டும், செடியோட அடிப்பாகத்துக்கும் அதுவே ஒரு போர்வை.

அந்தப் போர்வை அங்க ரொம்பவே வேணும். ஹை லைன் தெருவுக்கு சுமார் 9 மீட்டர் மேல நிக்கற பழைய சரக்கு ரயில் பாதை, 1934ல ஓட ஆரம்பிச்சு 1980ல கடைசி ரயில் போச்சு. மண்ணோட ஆழம் சராசரியா 45 சென்டிமீட்டர்தான். தரையில இருக்கற தோட்டத்துக்கு கீழ பூமியோட கதகதப்பு இருக்கும், இங்க கீழயும் காத்துதான், அதனால பாலம் சீக்கிரம் உறைஞ்சுபோற மாதிரி வேருக்கு மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் குளிர் தாக்கும். வெயில்காலத்துல அதே மண்ணு சட்டுனு காய்ஞ்சுரும். ரயில் நின்னப்பறம் தானா முளைச்ச புல்லும் காட்டுப்பூவும் இதெல்லாம் தாங்கிட்டு வளர்ந்துச்சு, 2009ல திறந்த பூங்காவோட நடவுக்கும் அந்தக் காட்சிதான் முன்மாதிரி.

இப்ப எப்ப போறதுன்னு. என்னைக் கேட்டா செப்டம்பர் கடைசியிலேர்ந்து அக்டோபர் வரைக்கும், புல்லெல்லாம் செம்பழுப்பா மாறி காத்துல ஆடும், நடுவுல ஆஸ்டர் பூத்திருக்கும், நடக்கவும் இதமான குளிர். ஏப்ரல்ல சர்வீஸ்பெர்ரிங்கற சின்ன மரம் வெள்ளையா பூக்கும், ஜூலையில எக்கினேசியா பூக்கும், ஆனா அப்ப சனி ஞாயிறு மதியம் கூட்டத்துல நிக்கவே இடம் இருக்காது, வார நாள்ல காலையிலயே போயிடுங்க. ஜனவரி பிப்ரவரியில மறுபடி போனா விட்ச் ஹேசல் புதரைத் தேடிப் பாருங்க, இலையே இல்லாத கிளையில மஞ்சள் நூல் மாதிரி பூ இருக்கும். பனி கொட்டினா பூங்காவை மூடவும் செய்வாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.

உங்க வீட்டுக்காரர் படி ஏறவே வேண்டாம். கான்ஸ்வோர்ட் தெரு, 14, 23, 30ஆம் தெருக்கள்ல லிஃப்ட் இருக்கு, 34ஆம் தெரு பக்கம் சரிவாவே ஏறலாம். மொத்த நீளம் 2.3 கிலோமீட்டர், முழுசும் நடக்கணும்னு இல்ல. 14லேர்ந்து 17ஆம் தெரு வரைக்கும் போனா போதும், ஹட்சன் ஆத்தைப் பார்த்து சாய்ஞ்சு உக்கார பெஞ்சு இருக்கு, அப்பறம் பத்தாவது அவென்யூ மேல படிப்படியா உக்கார்ற இடத்துல கண்ணாடி வழியா கீழ ஓடற ட்ராஃபிக்கைப் பார்த்துக்கிட்டே ஓய்வெடுக்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

மகளை கட்டாயம் அனுப்புங்க, அந்த மார்ச் வேலைதான் வருஷத்துலயே பெரிய பராமரிப்பு. இவ்வளவு நாள் விட்டு வச்ச தண்டையெல்லாம் தோட்டக்காரங்களும் தன்னார்வலர்களும் சில வாரத்துக்குள்ள வெட்டி எடுக்கணும், தாமதமானா வசந்தத்துல முதல்ல முளைக்கற குரோக்கஸ், டாஃபடில் மாதிரி கிழங்குப் பூச்செடியெல்லாம் எட்டிப்பார்க்க ஆரம்பிச்சுரும், கால் வைக்கவே இடம் இருக்காது. பூங்காவை நடத்தற ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த ஹை லைன் கிட்ட முன்கூட்டியே பதிவு பண்ணணும். மார்ச்ல மேல காத்து நல்லா அடிக்கும், ரெண்டு மூணு அடுக்கு உடுப்பு, நல்ல கிளவுஸ் போட்டுக்கச் சொல்லுங்க. குனிஞ்சு நிக்கற வேலை. வெட்டறதுக்கு முன்னாடி தண்டோட அடியில சருகை விரலால விலக்கிப் பார்க்கணும், பச்சையா முனை தெரிஞ்சா கத்தரி அதுக்கு மேலதான் விழணும்.