போடிமெட்டு ஏற்றத்தில் வண்டியை இழுப்பது ஹார்ஸ்பவரா, டார்க்கா?

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் டீசல் ஜீப், ஹார்ஸ்பவர் கூடுதலான பெட்ரோல் காரைவிட லேசாக மேடேறுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

டார்க் என்பது இன்ஜினின் திருகுவிசை. அதோடு சுற்று வேகத்தையும் பெருக்கினால்தான் ஹார்ஸ்பவர். நிமிடத்துக்கு 2000 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர் (டார்க்கின் அளவு) தரும் டீசலும், 4000 சுற்றில் 100 தரும் பெட்ரோலும் அந்த நேரத்தில் ஏறத்தாழ 56 ஹார்ஸ்பவர்தான்.

வண்டியைத் தள்ளுவது சக்கரத்துக்கு வந்துசேரும் டார்க். முதல் கியர் 4:1, டிஃபரன்ஷியல் (சக்கர அச்சிலுள்ள பல்சக்கரத் தொகுதி) 4:1 என்றால் அந்த 200, 16 மடங்காகி 3200 ஆகும் (உராய்வில் கொஞ்சம் போகும்). 1:1 கியரில் வெறும் 800. கியர் சக்தியை உண்டாக்காது. வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்கித் தரும். அதனால் பெட்ரோல் காரையும் கியர் இறக்கி 4000 சுற்றில் வைத்தால், அதே வேகத்தில் அதே இழுவை கிடைக்கும். தேனி பக்கம் நேர்ச்சாலையில் முழு மிதியில் போனால், எடை சமமாக இருக்கும்பட்சத்தில் ஹார்ஸ்பவர் கூடியதுதான் முந்தும்.

கொண்டை ஊசி வளைவில்தான் வித்தியாசம் தெரியும். சுற்று 1500க்கு விழுந்தாலும் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள டீசலுக்கு அங்கே டார்க் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் திணறும். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கிவிடுங்கள். மேல் கியரிலேயே மிதித்து இன்ஜினைத் தட்டவிடாதீர்கள், பிஸ்டனுக்குக் கெடுதல்.