கோவில் மாலை, சந்தைக் கழிவு: நிதி யார் பெயரில் வரும்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோவில் மாதர் சங்கத்துப் பெண்கள் ஆறு பேரும், படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்க நினைக்கிறோம். கோவிலில் கழியும் மாலைகளையும் பங்களாதேஷ் மார்க்கெட் காய்கறிக் கழிவையும் மக்கவைத்து, உரமும் நாற்றும் விற்பது திட்டம். கோவில் பின்புறம் இடம் தருகிறார்கள். எந்த நிதிக்கு விண்ணப்பிப்பது? எப்படிப் பதிவு செய்வது? 10 சதவீதம் கொடுத்தால் லாட்டரி நிதி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: எந்த நிதி என்று தேடுவதை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். வரும் பணம் யார் பெயரில் வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் ஊரில் நிறைய விண்ணப்பங்கள் திரும்பி வருவது திட்டம் மோசம் என்பதால் அல்ல, தவறான கதவைத் தட்டியதால்தான்.

லாப நோக்கமற்ற அமைப்பாகச் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்ய 1997ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. கட்டணம் இல்லை. ஆனால் அந்த அமைப்பு ஈட்டும் லாபத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. உங்கள் ஆறு பெண்களுக்கும் வீட்டுக்கு எடுத்துப்போக வருமானம் வேண்டும் இல்லையா? அப்படியானால் கூட்டுறவுச் சங்கம்தான் பொருத்தம். ஐந்து பேர் இருந்தாலே தொடக்கநிலைக் கூட்டுறவு அமைக்கலாம். சேமிப்புச் சீட்டும் ஸ்டோக்வெல் என்ற சேமிப்புக் குழுவும் நடத்திப் பழகிய பெண்களுக்குக் கூட்டுறவுக் கணக்கு புதிதாக இருக்காது.

மாதர் சங்கம் ஏற்கெனவே பதிவான அமைப்பு என்றால் அதைக் கலைக்க வேண்டாம். பயிற்சி, பள்ளிகளில் விழிப்புணர்வு போன்ற வேலைகளுக்கு அதன் பெயரில் மானியம் கேட்கலாம். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக, சமூக அமைப்புகளுக்கு மானியம் தருகிறது. தனியார் கம்பெனிக்குத் தராது. அழைப்பு வரும்போது எந்த வட்டாரத்துக்கு என்பதைக் கவனித்துப் படியுங்கள். விற்பனைப் பணத்தையும் மானியப் பணத்தையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டால் பிறகு தலைவலி.

இளைஞர்கள் விஷயத்துக்கு வருவோம். தேசிய இளைஞர் மேம்பாட்டு முகமை, அதாவது எல்லோரும் சொல்லும் என்.ஒய்.டி.ஏ., 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களின் சிறுதொழிலுக்குத் திருப்பிக் கட்ட வேண்டாத மானியம் தருகிறது. ஆனால் அது இளைஞர்கள் சொந்தமாக நடத்தும் தொழிலுக்கு. எட்டுப் பேர் கூட்டுறவில் இரண்டு இளைஞர்களின் பெயரைச் சேர்த்து, ‘இளைஞர் அமைப்பு’ என்று எழுதினால் நேர்காணலிலேயே வெளிச்சமாகிவிடும். எனக்கு அப்படிச் செய்வது பிடிக்கவும் இல்லை. அந்த இருவரும் தனியாக ஒரு சிறு கம்பெனி தொடங்கட்டும். பக்கி என்ற சிறு சரக்கு வண்டியில் கழிவைச் சேகரிப்பதும் உரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்கள் தொழில். கூட்டுறவு அவர்களுக்கு மாதாமாதம் வேலை தரும் என்று ஒரு ஒப்பந்தக் கடிதம் கொடுங்கள். என்.ஒய்.டி.ஏ.விடம் அந்தக் கடிதம் பேசும்.

கடன் என்றால் இப்போது சிறுதொழில் மேம்பாட்டு, நிதி முகமையான செட்ஃபாவைக் கேளுங்கள். சிறுதொழில் மேம்பாட்டு முகமையான சேடா, சிறுதொழில் நிதி முகமையான செஃபா, கூட்டுறவு வங்கி மேம்பாட்டு முகமை ஆகிய மூன்றும் 2024 அக்டோபரில் இணைந்து உருவானது அது. பழைய பெயரில் விண்ணப்பப் படிவம் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். முதல் ஆண்டில் கடனே வேண்டாம் என்பது என் கருத்து.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பெரிய கம்பெனிகள் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் செலவு. கறுப்பினத்தவரின் பொருளாதார மேம்பாட்டுக்கான பி-பி.பி.இ.இ. விதிகளில் முழு மதிப்பெண் பெற, ஒரு பெரிய நிறுவனம் வரி போக மிஞ்சும் லாபத்தில் 2 சதவீதத்தைச் சிறு சப்ளையர்களை வளர்க்கவும், 1 சதவீதத்தைப் புதுத் தொழில்களுக்கும், இன்னொரு 1 சதவீதத்தைச் சமூக மேம்பாட்டுக்கும் செலவிட வேண்டும். குடிமக்களான இந்திய வம்சாவளியினரும் இந்தச் சட்டக் கணக்கில் கறுப்பினத்தவர்தான். ஆண்டு வரவு 1 கோடி ராண்டுக்குள் இருந்தால் தணிக்கைச் சான்று தேவையில்லை, உறுதிமொழிப் பத்திரம் போதும். காவல் நிலையத்திலேயே கையெழுத்து போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளலாம். அதை எடுத்துக்கொண்டு நர்சரிகள், ஹோட்டல்கள், சூப்பர்மார்க்கெட்டுகளின் கொள்முதல் அதிகாரிகளைப் பாருங்கள். நன்கொடை கேட்காதீர்கள். நாற்று வாங்குங்கள், கருவி வாங்க உதவுங்கள் என்று கேளுங்கள்.

உரப் பையில் ஒரு எச்சரிக்கை. தழை, மணி, சாம்பல் சத்து இவ்வளவு என்று அச்சடித்து விற்றால் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் உரச் சட்டப்படி பதிவு வேண்டும். அதனால் முதலில் நாற்றை விற்பனைப் பொருளாக்குங்கள், உரத்தை நாற்றுக்கே போடுங்கள். கத்தரி, மிளகாய், கறிவேப்பிலைக் கன்று நம் வீடுகளில் விலைபோகும். டர்பன் வாரிக் சந்தையின் கழிவைத் தாவரவியல் பூங்காவில் மக்கவைக்கும் திட்டம் ஒன்று நடந்திருக்கிறது. போய்ப் பேசிப் பாருங்கள்.

விண்ணப்பத்தைவிட ஒரு நோட்டுப் புத்தகம் உங்களுக்கு அதிகம் உதவும். ஒரு மாதம், தினமும் வந்த கழிவை எடை போட்டு எழுதுங்கள். மாலையில் இருக்கும் நைலான் நூல், கம்பி, ஜிகினாத்தாள் ஆகியவற்றைப் பிரித்தெடுக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் குறியுங்கள். கூலி அங்கேதான் ஓடுகிறது, அது தெரியாமல் போட்ட பட்ஜெட் காற்றில் நிற்கும். தைப்பூசக் காவடி நாட்களில் மாலை எத்தனை மடங்கு வருகிறது என்பது தனிக் கணக்கு. கோவில் நிர்வாகத்திடம் இட அனுமதியை வாய்மொழியாக விடாமல், எத்தனை ஆண்டு என்று எழுதி, கையெழுத்து வாங்குங்கள். நிர்வாகக் குழு மாறினால் தொழில் நிற்கக் கூடாது அல்லவா.

அப்புறம் அந்த 10 சதவீதக்காரர். வேண்டாம். தேசிய லாட்டரி ஆணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. செயல்படாத அமைப்புகளைக் கைப்பற்றி அவற்றின் பெயரில் லாட்டரிப் பணம் எடுத்த விவகாரம் பெரிதாகி, 2020இல் சிறப்பு விசாரணைப் பிரிவிடம் போனது. உங்கள் பதிவு எண்ணையும் வங்கி விவரத்தையும் அவரிடம் கொடுத்திருந்தால், இந்த வாரமே வங்கியில் சொல்லி, கையெழுத்து அதிகாரம் யார் யாரிடம் இருக்கிறது என்று சரிபார்த்துவிடுங்கள்.