வெல்டிங் இல்லாமல் பைப் பந்தல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். மொட்டை மாடியில் பாகல், புடலைக் கொடிகளுக்காகப் பத்துக்குப் பத்து அடியில் ஜிஐ பைப் பந்தல் போட ஆசை. வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போக வேண்டும், தளத்திலும் துளை போடக் கூடாது. பைப்பைச் செருகி ஸ்க்ரூ முடுக்கும் ஜாயின்ட்டுகளை நம்பலாமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாக நம்பலாம். இந்த வகை ஜாயின்ட் முதலில் வந்ததே மாட்டுக்கொட்டகைக்காகத்தான். 1934-ல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் கஸ்கோயின் நிறுவனம் பால் கறக்கும் கொட்டகைகளின் தடுப்புகளுக்காக ‘கீ கிளாம்ப்’ என்ற பெயரில் இதைச் செய்தது. நாள் முழுக்க மாடு இடிக்கும், உரசும், கழுவிவிடும் தண்ணீர் தெறிக்கும் இடம் அது. இன்று கடையில் கிடைக்கும் எல்போ, டீ, மூன்று வழி மூலை, பிளாஞ்ச் (காலைத் தரையிலோ சுவரிலோ பொருத்தும் தட்டு) எல்லாம் பெரும்பாலும் அதே வழியில் வந்தவை. வார்ப்பு இரும்புக் கூட்டுக்குள் பைப் நுழையும், பக்கவாட்டில் இருக்கும் ஸ்க்ரூவை ஆலன் கீ (எல் வடிவ அறுகோணச் சாவி) போட்டு முடுக்கினால் அதன் குழிந்த நுனி பைப் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும்.

வெல்டிங்கைவிட இது நல்லது என்று நான் சொல்லக் கழற்றும் வசதி மட்டும் காரணம் இல்லை. ஜிஐ பைப்பில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும், மேலே பெயின்ட் அடித்தாலும் பழைய பூச்சுக்கு ஈடாகாது. எரியும்போது வரும் வெள்ளைப் புகை வெல்டருக்கும் கெடுதல்.

கடைக்குப் போகும்போது விட்டம் அளக்கும் வெர்னியர் காலிப்பர் எடுத்துக்கொண்டு போங்கள். ஜாயின்ட் பிடிப்பது பைப்பின் வெளி விட்டத்தைத்தான். தண்ணீர்க் குழாய்க் கணக்கில் விற்கும் ஒரு இன்ச் ஜிஐ பைப்பின் வெளி விட்டம் 33.7 மி.மீ., ஆனால் நாற்காலி, கட்டில் செய்யும் ஒரு இன்ச் பைப்புக்கு வெளியிலேயே அளந்தால் 25.4 மி.மீ.தான் வரும். இரண்டையும் கடைக்காரர் ‘ஒரு இன்ச்’ என்றே எடுத்துக் கொடுப்பார். ஒன்றுக்கான ஜாயின்ட்டில் மற்றது ஒன்று நுழையாது, இல்லையென்றால் லொடலொடவென்று ஆடும். ஜிஐ பைப்பில் நீலக் கோடு போட்ட மீடியம் ரகம் வாங்குங்கள். மஞ்சள் கோடு போட்ட லைட் ரகத்தில் சுவர் மெல்லிசு. கீ கிளாம்ப் ஸ்க்ரூவை 39 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்கு முடுக்கச் சொல்கிறார்கள், சின்ன ஆலன் கீயை விரலால் திருகி அந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. நீளப் பிடி போட்டு முடுக்குங்கள், சில நாள் கழித்து ஒரு சுற்றுச் சரிபாருங்கள்.

அப்புறம், கொடியின் எடையைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். மணிக்கு 72 கி.மீ. வேகக் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 24 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். உங்கள் பந்தலின் மேல்பரப்பு 9 சதுர மீட்டருக்கு மேல். இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி நான்கு காலையும் நட்டாலும் மொத்தம் இருநூறு கிலோவைத் தொடாது. அதனால் மேலே பாலித்தீன் ஷீட் வேண்டவே வேண்டாம், வலை மட்டும் போடுங்கள், புயல் எச்சரிக்கை வந்தால் வலையையும் அவிழ்த்துவிடுங்கள். முடிந்தால் கைப்பிடிச் சுவரோடு கயிறு கட்டி இழுத்து வைப்பது இன்னும் நல்லது. நடுவில் ஐந்தாவது கால் ஒன்றும் கொடுங்கள். ஒரே எடை நடுவில் தொங்கும்போது, தாங்கல் இல்லாத நீளம் இரண்டு மடங்கானால் பைப் எட்டு மடங்கு வளையும்.

இன்னொன்று, காலின் மேல்முனை திறந்திருந்தால் மூடி போட மறக்காதீர்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி நின்றால் துருவும் பிடிக்கும், கொசுவும் முட்டையிடும்.

கேள்வி: 25 மி.மீ. சதுர அலுமினியக் குழாயும் உள்ளே அடித்து இறக்கும் பிளாஸ்டிக் மூட்டும் வாங்கி வேலை மேசை செய்தேன். எல்லா மூட்டும் இறுக்கமாகவே இருக்கிறது, ஆனாலும் டைப் அடித்தால் மேசை பக்கவாட்டில் ஆடுகிறது. பசை போடலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: பசையை விடுங்கள். நீங்கள் செய்திருப்பது செவ்வகச் சட்டம். நான்கு பக்கமும் அதே நீளத்தில் இருக்கும்போதே செவ்வகம் சாய்ந்து சரிந்த கட்டமாகிவிடும், அதைத் தடுப்பது மூலையின் விறைப்பு ஒன்றுதான். பிளாஸ்டிக் மூட்டு கொஞ்சம் நெகிழும், அந்த நெகிழ்ச்சிதான் மேசையில் ஆட்டமாகத் தெரிகிறது. முக்கோணம் அப்படிச் சரியாது. பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு பட்டையைக் குறுக்கே போடுங்கள், அல்லது பின்பக்கம் முழுக்க 6 மி.மீ. பிளைவுட் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். இரு பக்கவாட்டிலும் சின்னதாக ஒவ்வொரு மூலைவிட்டம் இருந்தால் முன்னும் பின்னும் ஆடுவதும் நிற்கும். காசு குறைவாக வேண்டுமென்றால் கம்பி வடம் இரண்டைப் பெருக்கல் குறி மாதிரி இழுத்து டர்ன்பக்கிள் (திருகினால் வடத்தை இழுத்து இறுக்கும் கொக்கி) போட்டு முறுக்கலாம்.

மறுமுறை வாங்கும்போது குழாய்ச் சுவரின் கனத்தையும் கேளுங்கள். 1.5 மி.மீ. சுவர் என்றால் உள்ளே 22 மி.மீ. இடம், 1.2 என்றால் 22.6. முதல் குழாய்க்குச் செய்த மூட்டு இரண்டாவதில் கையாலேயே உள்ளே போய்விடும், கையாலேயே வெளியே வந்தும் விடும்.

கேள்வி: கட்டட வேலையில் சாரம் கட்டும் பைப் கிளாம்ப் எப்போது வந்தது?
(வாசகர், மதுரை)

பதில்: சவுக்குக் கம்பும் கயிறும் நம் ஊரில் இன்றும் பார்க்கிறோம். இங்கிலாந்திலும் அப்படி மரமும் கயிறுமாகத்தான் இருந்தது. டேனியல் பால்மர் ஜோன்ஸ் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயிற்றுக்குப் பதிலாக ‘ஸ்காஃபிக்சர்’ என்ற பூட்டைக் கொண்டுவந்தார். 1913-ல் பக்கிங்ஹாம் அரண்மனை வேலையில் அது பயன்பட்டதும் பெயர் பரவியது. பிறகு ஸ்டீல் குழாய்க்கென்றே கப்ளர்கள் (நீங்கள் கேட்ட கிளாம்ப்தான்) வந்தன. இன்று சாரக் குழாயின் வெளி விட்டம் 48.3 மி.மீ. என்று நிலைத்துவிட்டதால், ஒரு இடத்தில் வாங்கிய கிளாம்ப் இன்னொரு இடத்துப் பைப்பிலும் உட்காரும்.

கேள்வி: பிவிசி பைப்பும் எல்போவும் வைத்துக் குழந்தைக்கு ஊஞ்சல் சட்டம் செய்யும் வீடியோ பார்த்தேன். செய்யலாமா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: வேண்டாம் அம்மா. பிவிசி வெயிலில் இளகும், தொடர்ந்து சுமை இருந்தால் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும், வெயில் பட்டுப் பட்டு வருடம் போகப் போக நொறுங்கும் தன்மைக்கு வரும், உடையும்போது முனை கூர்மையாக உடையும். ஊஞ்சல் சும்மா தொங்கும் எடையும் இல்லை. செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை ஏறி இறங்கினால், கீழே வரும் நொடியில் கயிறு தாங்குவது குழந்தையின் எடையைப் போல் இரண்டு மடங்கு. ஏ வடிவத்தில் இரண்டு பக்கமும் அகலக் கால் பரப்பிய சாரக் குழாய்ச் சட்டமாகச் செய்து, கால்களைத் தரையில் ஊன்றுங்கள். வீட்டு உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி இருந்தால் செலவே இல்லாமல் முடிந்தது. பிவிசியை நாற்றுக்கு வலை போர்த்தும் கூண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.