“நாங்களே பார்த்துக்கிறோம்” என்கிறாள் மகள்!

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகளும் தெருவில் அவளுடைய தோழிகள் நாலு பேரும் சேர்ந்து பிளாஸ்டிக் ஒழிப்புப் பிரசாரம் செய்யப் போகிறார்களாம். நான் பிளெக்ஸ் அடித்துத் தருகிறேன், பேச எழுதித் தருகிறேன், கவுன்சிலரையும் கூப்பிடலாம் என்றேன். “நாங்களே பார்த்துக்கிறோம்மா” என்று முறுக்கிக்கொள்கிறாள். என் கணவரோ படிப்பு கெட்டுவிடும் என்கிறார். நான் எவ்வளவு தூரம் உதவலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி, சகோதரி. முதலில் அந்த பிளெக்ஸை விட்டுவிடுங்கள். அதுவே பிளாஸ்டிக். தெருவில் யாராவது அதைக் கேட்டே தீருவார்கள், பதில் சொல்ல முடியாமல் நிற்கப்போவது பிள்ளைகள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள், வாசகத்தில் கை வைக்காதீர்கள். நீங்கள் எழுதித் தந்ததை மனப்பாடமாகச் சொல்லும் குழந்தை, டீக்கடைக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் முழிக்கும். தானே தேடித் தெரிந்துகொண்ட குழந்தை பதில் சொல்லும்.

‘பிளாஸ்டிக் ஒழிப்பு’ என்பது ஐந்து பிள்ளைகளுக்கு ரொம்பப் பெரிய விஷயம். அதைச் சின்னதாக்க ஒரு வழி சொல்லுங்கள். ஒரு வாரம் அந்த ஐந்து வீட்டுக்கும் வருகிற பிளாஸ்டிக்கைக் கழுவிச் சேர்த்து வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கொட்டி, பால் கவர், மாவு கவர், சாம்பார் கட்டிய கவர், ஷாம்பு பாக்கெட் என்று பிரிக்கட்டும். பால் கவரை உடனே விட முடியாது. ஆனால் ஓட்டலுக்குத் தூக்குவாளி கொண்டு போகலாமே? இதையெல்லாம் அவர்களே சண்டை போட்டு முடிவு செய்யட்டும், நீங்கள் நடுவில் போகாதீர்கள். அப்புறம், காய் வாங்கக் கேரி பேக்கோடு வருகிற அம்மாவுக்குத்தான் முதல் திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.

தகவல் சரியா என்று பார்ப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. கேரி பேக், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அதில் உண்டு. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும், துணி போலவே இருக்கும் ‘நான் ஓவன்’ பையும் அதில் இருப்பது பலருக்குத் தெரியாது. ‘பேப்பர்தானே’ என்பார்கள். ஒரு கப்பைக் கிழித்து வெந்நீரில் ஊறப்போடச் சொல்லுங்கள். காகிதம் கூழாகிப் போகும், உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் தனியாகக் கையில் வரும். அந்தப் படலத்தைக் கடைக்காரரிடம் காட்டினால் போதும், தனியாகப் பேச்சு வேண்டாம்.

ஆனால் ‘தடை இருக்கு, அபராதம் போடுவாங்க’ என்று பிள்ளைகள் மிரட்டக் கூடாது. அது அதிகாரிகள் வேலை. கடைக்காரருக்கு அது பிழைப்பு. “அண்ணே, பாத்திரம் கொண்டு வந்தா அதுல ஊத்தித் தருவீங்களா?” என்று கேட்கட்டும். முடியாது என்று அவர் திருப்பி அனுப்பினால், நீங்கள் போய்ச் சமாதானம் பேசாதீர்கள். அடுத்து என்ன செய்வதென்று அவர்கள் யோசிக்கிற அந்த நேரம்தான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்னைக் கடற்கரையில் 1988-இல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய ஆமைப் பாதுகாப்பு வேலை இன்றும் நடக்கிறது. பருவத்தில் இரவெல்லாம் மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து, குஞ்சுகள் வந்ததும் கடலில் விடுகிறார்கள். குஞ்சு விடுவதைப் பார்க்க வருகிற ஜனங்கள், கேட்காத கேள்வியெல்லாம் கேட்கிறார்கள். வேலை நடக்கிற இடத்தில் விழிப்புணர்வு தானாக வருகிறது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தெரிந்த வீடுகளுக்கு மட்டும், இரண்டு மூன்று பேராக, இருட்டுவதற்குள் போய்வர வேண்டும். குப்பைமேட்டில் கை வைக்கவே கூடாது, உடைந்த பாட்டிலும் ஊசியும் கிடக்கும். பிள்ளைகளின் முகமும் தெருப் பெயரும் தெரிகிற போட்டோவை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். கவுன்சிலர் வந்தால் அது அவருடைய நிகழ்ச்சியாகிவிடும். தெருவுக்கு ஏதாவது கேட்க வேண்டுமானால் பிள்ளைகளே மனு எழுதி எடுத்துப் போகட்டும், நீங்கள் துணைக்குப் போங்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். பரீட்சை வந்தால் நிறுத்திவிட்டு, முடிந்ததும் தொடரலாம். பள்ளியில் தேசியப் பசுமைப் படை என்ற சுற்றுச்சூழல் மாணவர் மன்றம் இருந்தால் அதன் பொறுப்பாசிரியரிடம் மகளே போய்ப் பேசட்டும்.