பால் குடித்தால் போதுமா?

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு மாதம் ஆகிறது. சோற்றை இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. குளிருக்கு இதமென்று மாமியார் அடிக்கடி பசும்பாலைப் புட்டியில் புகட்டுகிறார்; சில நேரம் தேநீரும் தருகிறார். பால் மட்டும் போதுமா, டாக்டர்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: போதாது, அம்மா. வயிற்றைப் பால் நிறைத்துவிடுவதால்தான் சோற்றுக்குப் பசி எழுவதில்லை. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதோடு, பிற உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதையும் அது குறைப்பதால், பாலையே நம்பி வளரும் குழந்தை கொழுகொழுவென்று இருந்தும் இரத்தசோகைக்கு ஆளாகலாம். தேநீரும் இரும்பை உடலில் சேரவிடாது. அதை அறவே நிறுத்துங்கள். தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம். அது போதாவிட்டால், ஒரு வயது வரை பசும்பாலுக்குப் பதிலாக ஃபார்முலா பால் கொடுங்கள். பிறகு பசும்பால் நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டரைத் தாண்டாமல், டம்ளரில், சாப்பாட்டுக்குப் பின் இருக்கட்டும்.

பசியோடு இருக்கும்போது, குழைந்த பருப்புச் சோற்றில் நெய் விட்டு, உங்கள் ஊர்க் கேரட்டை விரலால் நசுங்கும் பதத்தில் வேகவைத்துச் சேர்த்து, மூன்று நான்கு வேளை ஊட்டுங்கள். முட்டை, கீரை, கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல் அடுத்த வேளை மீண்டும் கொடுத்துப் பாருங்கள். முகம் வெளிறியிருந்தால் ஹீமோகுளோபின் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.